எண்ணெய் நிற்கும் இடம்

சேலத்து ஃபேர்லேண்ட்ஸ் வீதிகளில் நின்று வடக்கே நோக்குகிறவருக்கு நீலமாய்த் தோன்றும் சேர்வராயன் மலையிலிருந்து பல்லாண்டு காலம் பாக்ஸைட் என்னும் கனிமம் வெட்டியெடுக்கப்பட்டு, 1960-களில் மேட்டூரில் எழுந்த அலுமினிய ஆலைக்குச் சென்று, ரசாயனத்தாலும் மின்சாரத்தாலும் வெண்ணிற உலோகமாக மாறி வெளிவந்தது, இந்த ஜில்லாவின் தொழிற் சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயம். அந்த உலைகள் இன்று ஓய்ந்துவிட்டன. எனினும் அதே உலோகம், எந்த மலையில் பிறந்து எந்த உலையில் உருகியதாயினும், ஃபேர்லேண்ட்ஸின் வீட்டு வாசல்களில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினின் கூடாக அமைந்திருக்கிறது. இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உடையதும், உஷ்ணத்தை விரைந்து வெளியே கடத்துவதும், அச்சில் வார்ப்பதற்கு இணங்குவதுமான அலுமினியக் கலவையை விட்டு வேறொரு பொருளை அந்தக் கூட்டுக்கு இன்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதில் முடுக்கப்படும் போல்ட்டுகளோ எஃகால் ஆனவை. மென்மையான உலோகத்துக்குள் கடினமான உலோகம் மரை பிடித்து அமர்ந்திருக்கும் அந்த இடத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் வண்டிக்குத் தாமே ஆயில் மாற்ற முற்படும் ஒருவருடைய அறிவும் நிதானமும் பரீட்சைக்கு உள்ளாகின்றன.

காரியத்தின் விதி எளியதுதான். எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு நிறுத்தி, வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, மேலே ஊற்றும் மூடியைத் தளர்த்தி, அடியிலுள்ள போல்ட்டை, பெரும்பாலான சிறு வண்டிகளில் 17-ஆம் நம்பர் ஸ்பேனரால், கழற்றினால், பழைய எண்ணெய் தானே கீழே இறங்கிவிடும். சற்றே சூடு ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்று அச்சிட்ட எண்ணெய், 100 டிகிரி செல்ஸியஸ் உஷ்ணத்தில், பாகுநிலையை அளக்கும் அலகான சதுர மில்லிமீட்டர்/வினாடி கணக்கில் 12.5-க்கும் 16.3-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது சர்வதேச நியதி. அதே எண்ணெய் 40 டிகிரிக்குக் குளிர்ந்ததும் அந்த எண் நூற்றுக்கு மேல் ஏறிவிடும். அதாவது, ஆறிய எஞ்சினிலிருந்து எண்ணெய் மெல்ல மெல்லச் சொட்ட, அதனோடு போயிருக்க வேண்டிய கசடு அடியிலேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான எஞ்சினிலிருந்து கசடும் சேர்ந்து வருகிறது.

விதி எளியதாயிருக்க, தவறு எங்கே புகுகிறது? எஞ்சினின் அடியில் போல்ட் ஒன்றல்ல, பல. அவற்றில் எண்ணெய் வடிப்பதற்கென்று ஏற்பட்டது ஒன்றே; ஆயினும் புழுதியும் கிரீஸும் சேற்றின் உலர்ந்த படலமும் மூடிய நிலையில் எல்லாம் ஒரே ஜாதியாகத் தோற்றமளிக்கின்றன. குப்புறக் குனிந்து, கண்ணால் பாதியும் விரலால் மீதியுமாகத் தேடுகிற மனிதருக்கு முதலில் தட்டுப்படுவதே உரிய போல்ட்டாகத் தெரிந்துவிடுகிறது. உலகெங்கும், எல்லா ஊர்களிலும், தொழில் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இது நேர்கிறது. அறியாமையின் விளைவு என்று இதை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. யந்திரம் எவ்வாறு நிர்மாணிக்கப்படுகிறது என்பதிலேயே இதற்கு மூலம் இருக்கிறது.

துளையிடும் கருவி நேர்கோட்டில்தான் செல்லும். எஞ்சினுக்குள் எண்ணெய் செல்ல வேண்டிய பாதைகளோ பல இடங்களில் வளைந்து திரும்ப வேண்டியவை. ஆதலால் தயாரிப்பாளர்கள் வெளிப்புறத்திலிருந்து இரண்டு மூன்று நேர்த் துளைகளை, அவை உள்ளே ஒன்றையொன்று சந்திக்குமாறு இட்டு, தேவையற்றுப்போன வெளிவாய்களை ஒரு போல்ட்டாலோ குண்டாலோ அடைத்துவிடுகிறார்கள். இந்த அடைப்பு தொழிற்சாலையின் சௌகரியத்துக்காக உண்டானது. வண்டிக்காரருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இது தவிர, எண்ணெயை வடிகட்டும் சல்லடையையும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கையும் உள்ளே வைத்து மூடிய பெரிய மூடி ஒன்று இருக்கலாம். கியர்களை மாற்றிவைக்கும் உருளை ஒவ்வொரு ஸ்தானத்திலும் நின்று பிடிப்பதற்காக ஒரு குண்டையும் ஸ்பிரிங்கையும் அழுத்தி வைத்திருக்கும் போல்ட், சில எஞ்சின்களில் அடிப்புறத்திலேயே இருக்கிறது. ஆக, வெளியே அறுகோணத் தலை ஒன்றே ஆனாலும், உட்புறத்தில் ஒன்றின் பின்னே எண்ணெய், இன்னொன்றின் பின்னே ஸ்பிரிங், மற்றொன்றின் பின்னே வெறும் துளை.

நம் ஊர்களில் மிக அதிகமாகக் கண்ணில் படும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1958-இல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார் வெளியிட்டதும், 2017-இல் உற்பத்தி எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியதுமான சூப்பர் கப் என்னும் சிறு வண்டியின் வம்சத்தில், ஒற்றைச் சிலிண்டரைக் கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் வைத்த எஞ்சின் ஒன்று வளர்ந்தது. 1985-இல் இந்தியாவில் ஓடத் தொடங்கிய ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1994-இல் வந்த ஸ்பிளெண்டர் ஆகியவை அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. வாழப்பாடியிலிருந்து பால் கொண்டுவருகிறவர் முதல் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு மருந்து கொண்டுசெல்கிறவர் வரை எத்தனையோ பேருடைய ஜீவனம் அந்த எஞ்சினின் மேல்தான் அமர்ந்து ஓடுகிறது. வால்வுகளை இயக்கும் காம் அச்சைச் சுழற்றுவதற்கு ஒரு சிறு சங்கிலி, மெக்கானிக்குகள் டைமிங் செயின் என்று சொல்வது, உள்ளே ஓடுகிறது. அது நாளடைவில் நீண்டு தளராதிருக்கும் பொருட்டு, ஒரு தண்டும் ஸ்பிரிங்கும் கீழிருந்து அதற்கு அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. அவை வெளியே விழாமல் தடுப்பது, எஞ்சினின் அடியில், எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு வெகு தூரமில்லாத இடத்தில் அமைந்த மற்றொரு போல்ட். தவறி அதைக் கழற்றினால் சிறிது எண்ணெய் வழிகிறது, அதன் பின்னால் ஸ்பிரிங் வருகிறது, பிறகு தண்டு. கழற்றியவர் திகைத்துப் போகிறார்.

திகைப்பதே நல்லது என்பேன். எதிர்பாராத ஸ்பிரிங் ஒன்று உள்ளங்கையில் விழுந்தால், மனிதர் நிறுத்தி யோசிக்கிறார். விழுந்த வரிசையை ஞாபகத்தில் வைத்து மறுபடி பொருத்துகிறார். அல்லது ஐந்து ரோடு பக்கம் போய்த் தெரிந்த மெக்கானிக் அண்ணனை அழைத்து வருகிறார். பெரும்பாலும் விபரீதம் ஒன்றும் நேர்வதில்லை. விபரீதம் நேர்வது, தவறான போல்ட்டைத் திறந்தும் யாதொரு திகைப்பும் உண்டாகாத சந்தர்ப்பத்தில். அதாவது, அந்தத் தவறான போல்ட்டின் பின்னாலும் எண்ணெயே இருந்து, அதுவும் ஒழுங்காகவே வடிந்துவிடும்போது.

கியரில்லாத ஸ்கூட்டர்கள் இதற்கு மிகத் தெளிவான திருஷ்டாந்தம். அவற்றில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய் அறை உண்டு. பின் சக்கரத்தின் அருகே, வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் பற்சக்கரங்களுக்குத் தனியாக மற்றோர் அறை உண்டு. எஞ்சின் அறை ஏறத்தாழ முக்கால் லிட்டர் கொள்ளும். கியர் அறையோ நூறு மில்லி லிட்டருக்குச் சற்றே மேல். இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு போல்ட். ஒருவர் எஞ்சின் எண்ணெய் என்று எண்ணிக் கியர் அறையின் போல்ட்டைக் கழற்றுகிறார்; எண்ணெய் வருகிறது; நின்றும் விடுகிறது; வாஷரைத் துடைத்து, போல்ட்டை முடுக்கி, புது டப்பாவை உடைத்து எஞ்சினுக்குள் முழுவதும் ஊற்றிவிடுகிறார். ஒரே தவறு இரண்டு கேடுகளைப் பெற்றுவிட்டது. பின் சக்கரத்துப் பற்கள் எண்ணெயின்றி ஒன்றையொன்று தின்னத் தொடங்குகின்றன. எஞ்சினிலோ பழைய எண்ணெயின் மேல் புது எண்ணெய் சேர்ந்து அளவு இரட்டிப்பாகிவிட்டது. வண்டி உடனே நின்றுவிடுவதுமில்லை. ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சாரதா காலேஜ் ரோடு வழியாக அஸ்தம்பட்டி வரை போய்த் திரும்பும்வரை எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றும்.

எண்ணெய் குறைந்தால் கெடுதல் என்பதை யாரும் அறிவார்கள்; மிகுந்தாலும் கெடுதல் என்பதை அநேகர் நம்ப மறுக்கிறார்கள். நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் அச்சு வினாடிக்கு 100 முறை சுழல்கிறது. எண்ணெயின் மட்டம் உயர்ந்து அந்த அச்சின் கனத்த தட்டுகளைத் தொட்டுவிட்டால், அவை எண்ணெயைக் கடைந்து காற்றோடு கலந்து நுரையாக்குகின்றன. எண்ணெய் எளிதில் நசுங்காத திரவம், நுரையோ நசுங்கும். பம்ப் நுரையை இழுத்துத் தள்ளினால், தாங்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க்குப் பதில் குமிழிகள் போய்ச் சேர்கின்றன. அதோடு, பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் அடியிலுள்ள காற்று நெருக்கப்படுகிறது. எண்ணெய் அதிக இடத்தை அடைத்துக்கொண்டபின் காற்றுக்கு எஞ்சிய இடம் சுருங்குவதால், அந்த நெருக்கத்தின் அழுத்தம் கூடுகிறது. மூச்சுக் குழாய் வழியாக எண்ணெய் ஏர் ஃபில்டருக்குள் ஏறுகிறது. ரப்பர் சீல்களின் விளிம்பில் கசிவு காண்கிறது. சைலன்சரில் நீலம் கலந்த புகை தெரிகிறது. புகையைக் கண்டவர் எஞ்சின் தேய்ந்துவிட்டதென்று எண்ணிப் பெரிய செலவுக்கு ஆயத்தமாகிறார். உண்மையில் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அதிகப்படியான எண்ணெயை வடித்து, நனைந்த ஃபில்டரை மாற்றுவது மட்டுமே.

யந்திரங்களுக்குள் எண்ணெய் என்னதான் செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் சரியாகத் தெரிந்துகொண்டதே ஓர் அடைப்பான் பிடுங்கிக்கொண்டு வந்ததால்தான். இந்தச் சம்பவத்தை எத்தனை தரம் நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் என்னும் எஞ்சினியர், ரயில் பெட்டிகளின் அச்சு சுழலும் தாங்கியில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்கென்று தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை இடப்பட்டிருந்தது. அச்சின் கீழ்ப்பாகம் எண்ணெயில் மூழ்கிச் சுழன்றபோது, மேல் துளையின் வழியாக எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக வெளியே பொங்கி வந்தது. டவர் அத்துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரக்கட்டையை அறைந்து அடைத்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, அதன் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்னும் கடைசிக் கோட்டையும் கடந்துவிட்டது. தாங்கியின் மேலிருந்த சராசரிச் சுமையோ அதில் பாதியளவுதான். சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து, குறுகிய இடைவெளிக்குள் செலுத்தி, அந்த அழுத்தத்தின் மேல் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1883-இல் டவர் தம் முடிவுகளை வெளியிட்டார். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். இன்றுவரை மசகியலின் அஸ்திவாரம் அந்தச் சமன்பாடுதான்.

இந்த மெல்லிய படலத்தை நம்பி வாழ்ந்த எஞ்சின் ஒன்று நம் ராஜதானியிலேயே உருவாயிற்று. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா கம்பெனியின் பழைய புல்லட்டில், கனெக்டிங் ராடின் பெரிய முனை உருளைகளின் மேல் ஓடாமல், மிதக்கும் புஷ் ஒன்றின் மேல், எண்ணெய்ப் படலத்தை ஆதாரமாகக் கொண்டு ஓடிற்று. எண்ணெய் சற்று நேரம் தவறினாலும் அதற்குப் பொறுக்காது. அந்த வண்டியில் எஞ்சினுக்கு, பிரைமரி செயினுக்கு, கியர் பெட்டிக்கு என்று மூன்று தனித்தனி அறைகள், மூன்றிலும் எண்ணெய், எஞ்சின் பாகத்தின் அடியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட போல்ட்டுகள். ஒன்றை மற்றொன்றென்று எண்ணுவதற்கு இதைவிட வசதியான அமைப்பு வேண்டியதில்லை. 2008-இலிருந்து வந்த புதிய எஞ்சின்களில் இவையெல்லாம் ஒரே கூட்டுக்குள் சேர்ந்து, ஒரே எண்ணெயைப் பங்கிட்டுக்கொண்டபோது, தவறுக்குரிய ஒரு பெரிய வழி தானே அடைபட்டுப்போயிற்று.

இனி, மரையின் விஷயம். தவறான போல்ட்டைக் கழற்றுவதில் உள்ள அபாயம், பல சமயம், கழற்றும் பலத்தில் இருக்கிறது. எண்ணெய் வடிக்கும் போல்ட் சில மாதங்களுக்கு ஒரு தரம் திறக்கப்படுவது; தொழிற்சாலை போட்ட மற்ற போல்ட்டுகளில் சில எஞ்சினின் ஆயுட்காலத்தில் ஒரு தடவையும் தொடப்படாதவை; பசை தடவி முடுக்கப்பட்டவையும் உண்டு. வராத போல்ட்டை, துருப்பிடித்ததாக நினைத்து, ஸ்பேனரின் பிடியில் குழாயை மாட்டி நெம்புகிறவர், போல்ட்டைத் திருப்புவதற்குமுன் சுற்றியுள்ள அலுமினியத்தையே பெயர்த்துவிடுகிறார். மற்றொரு குழப்பமும் உண்டு. தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்பினால் கழல்வது, வண்டிக்கு மேலிருந்து குனிந்து கையைக் கீழே விட்டுத் திருப்புகிறவரின் கண்ணுக்கு வலஞ்சுழியாகத் தெரியும். மரையின் சுழிப்பு மாறுவதில்லை. பார்க்கும் திசைதான் மாறுகிறது. கழற்றுவதாக எண்ணி மேலும் மேலும் முடுக்கியே மரையை அழித்தவர்கள் உண்டு.

முடுக்கும்போதும் இதே நிதானம் தேவை. சிறு எஞ்சின்களின் வடிப்பு போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும்; 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 12 அல்லது 13 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். நாம் செலுத்தும் முறுக்கத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, போல்ட்டின் தலைக்கடியிலும் மரைகளுக்கிடையிலும் உராய்வாகவே செலவழிந்துபோகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்கமாக நிறுத்துகிறது. மரையில் எண்ணெய் பூசியிருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்கத்துக்கு இழுவிசை அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. ஆயில் மாற்றும் வேலையில் எண்ணெய் படாத போல்ட் ஏது? போதாக்குறைக்கு, அந்த இழுவிசையும் எல்லா மரைகளிலும் சமமாகப் பரவுவதில்லை. முதல் சுற்று ஒன்றே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. கசிவைத் தடுப்பது பலமன்று. தலைக்கடியில் நசுங்கி இடைவெளியை நிரப்பும் அலுமினிய அல்லது செம்பு வாஷர்தான். ஆகவே பழைய வாஷரை வைத்துக்கொண்டு பலத்தால் ஈடு செய்ய முயல்வது வீண். மரை போய்விட்டாலும், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழிலும் போர்வெல் ரிக் வண்டிகளும் வளர்த்துவிட்ட லேத் பட்டறைகளில், துளையைப் பெரிதாக்கி டேப் அடித்து, எஃகுச் சுருளையோ புஷ்ஷையோ உள்ளே வைத்து, முன்னிருந்ததைவிட உறுதியாகவே சரிசெய்து தருகிறார்கள். அந்தக் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன்; ஆயினும் நூறு ரூபாய் வேலையை ஆயிரக்கணக்கான ரூபாய் வேலையாக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை.

ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இரண்டில், சரியான செயலைத் தவறான பொருளின்மேல் செய்துவிடும் இயல்பு மனித மனத்துக்கு உண்டு என்பதை உளவியலார் நன்கு ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பி-17 குண்டு வீச்சு விமானத்தை ஓட்டியவர்கள், பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு இறக்கையின் மடிப்புகளை உள்ளிழுப்பதாக எண்ணிச் சக்கரங்களை உள்ளிழுத்து, விமானத்தை வயிற்றின்மேல் உட்காரவைத்த சம்பவங்கள் பல நிகழ்ந்தன. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்னும் இளம் உளவியலார், விமானிகளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் பிடிகளைப் பார்வையிட்டார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருவில் இருந்தன. சக்கரத்துக்குரிய பிடியின் முனையில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மடிப்புக்குரியதன் முனையில் ஆப்பு வடிவையும் பொருத்தச் செய்ததும் அந்தக் குழப்பம் அகன்றது. இன்றும் விமானங்களில் அந்தப் பிடி சக்கர வடிவிலேயே இருக்க வேண்டுமென்பது சட்டம். எஞ்சினின் அடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிடிகள்தான் நினைவுக்கு வருகின்றன. வடிப்பு போல்ட்டின் அருகில் வார்ப்பிலேயே ஓர் அம்புக்குறியைப் பொறித்துவிடுவதற்கும், மற்றவற்றின் தலையை அறுகோணமாக இல்லாமல் வேறு வடிவில் வைத்துவிடுவதற்கும் தயாரிப்பாளருக்கு ஆகும் செலவு அற்பம். அப்படிச் செய்திருக்கும் எஞ்சின்களும் உண்டு. எல்லா எஞ்சின்களிலும் அது செய்யப்பட வேண்டும் என்று கேட்பது வண்டி வாங்குகிறவரின் உரிமை.

ஆயினும் உருவத்தை அடையாளம் காண்பது மட்டும் போதாது என்பதற்கு 1983-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி நடந்த ஒரு நிகழ்ச்சி சாட்சி. அமெரிக்காவில் மையாமியிலிருந்து பஹாமாத் தீவுகளின் நஸ்ஸோவுக்கு 172 பேருடன் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855-ஆம் எண் விமானத்துக்கு எஞ்சின்கள் மூன்று. ஒவ்வொன்றின் எண்ணெயிலும் உலோகத் துகள் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் காந்த முனையுடைய அடைப்பான் ஒன்றை அவ்வப்போது கழற்றிச் சோதித்து மாட்டுவது வழக்கம். அன்றைக்கு முந்திய இரவில் மூன்றும் கழற்றி மாட்டப்பட்டன. அடைப்பான் சரியானது, இடமும் சரியானது, அவற்றின் கழுத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் மட்டும் மூன்றிலும் இல்லை. வானில் எண்ணெய் கசிந்து தீர்ந்தது. முதலில் நடு எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் குறைய, விமானி அதை நிறுத்திவிட்டு மையாமிக்கே திரும்பினார். வழியில் மற்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. சுமார் 13,000 அடி உயரத்திலிருந்து 4,000 அடி வரை அந்தப் பெரிய விமானம் எஞ்சின் சக்தியின்றியே இறங்கிற்று. முன்பே நிறுத்தப்பட்டிருந்ததால் கொஞ்சம் எண்ணெய் மீந்திருந்த நடு எஞ்சின் மறுபடி உயிர் பெற, அதைக் கொண்டு தரையிறங்கினார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஒரே வேலையை, ஒரே நேரத்தில், ஒரே கை எல்லா எஞ்சின்களுக்கும் செய்யலாகாது என்னும் சம்பிரதாயம் விமானப் பராமரிப்பில் வேரூன்றுவதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம். வேலை முடிந்ததும் கசிவைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய படி அங்கே தவறைப் பிடிக்கவில்லை.

வீட்டு வாசலில் ஒற்றை எஞ்சினோடு உட்கார்ந்திருப்பவருக்கு அத்தகைய படி என்ன? வெளியே வந்ததை அளப்பது. இதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஆயில் மாற்றும் வேலையைப் பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்று விவரமாகச் சொல்கிறார்களேயன்றி, வடிந்தது எவ்வளவு என்று பார்க்கச் சொல்வது அபூர்வம். அளவுக்கோடு போட்ட ஒரு பழைய டப்பா இருந்தால் போதும். முக்கால் லிட்டர் வர வேண்டிய இடத்தில் நூறு மில்லி வந்து நின்றுவிட்டால், எண்ணெய் நிற்கும் அறையை நாம் இன்னும் திறக்கவே இல்லை என்பது பிரத்தியட்சம். கொஞ்சம் எரிந்தும் கசிந்தும் குறைந்திருக்கலாம். ஏழில் ஒரு பங்காகக் குறையாது. நிறமும் உதவும்: எஞ்சின் எண்ணெய், கரியைத் தன்னுள் தாங்கி மிதக்கவைக்கும் ரசாயனங்கள் சேர்ந்திருப்பதால், ஓட ஓடக் கறுக்கிறது, கரி புகாத கியர் அறையின் எண்ணெய், தேன் நிறம் அதிகம் மாறாமல், சில சமயம் உலோகத் துகளின் மினுமினுப்போடு வருகிறது. சுத்தமான எண்ணெய் வருகிறதே, மாற்ற வேண்டிய அவசியமே இல்லை போலிருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர், அந்தக் கணத்தில் போல்ட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

தவறான போல்ட் கழன்றுவிட்டதென்று தெரிந்தால் முதல் விதி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலிருப்பது. கிக்கரையும் மிதிக்கலாகாது, கியரையும் மாற்றலாகாது. விழுந்த ஸ்பிரிங், தண்டு, குண்டு எதுவாயினும் விழுந்த வரிசையிலேயே ஒரு துணியின்மேல் கிடத்தி வைக்க வேண்டும். உளவியலார் ஜேம்ஸ் ரீசன் ஒரு கணக்கு சொல்வார்: ஒரு போல்ட்டில் வரிசையாக மாட்டிய எட்டு நட்டுகளைக் கழற்ற ஒரே வழிதான் உண்டு, திரும்ப மாட்டவோ 40,320 வழிகள், அவற்றில் சரியானது ஒன்றே. நம் விஷயத்தில் பொருள்கள் மூன்றுதான் என்றாலும், ஆறு வழிகளில் ஐந்து தவறு. கியர் அறையின் எண்ணெய் போயிருந்தால், அதற்குரிய அளவைத் தனியே ஊற்றி அடைத்த பிறகே எஞ்சின் போல்ட்டைத் தேட வேண்டும். இரண்டையும் கண்டுகொண்டபின், சரியானதன் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், அடுத்த தடவை வேறொரு கை அந்த வேலையைச் செய்தாலும் தடுமாறாது. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் விடலாகாது. 2016-ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. இந்த நகரத்தின் சாக்கடை நீர் சேரும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டத்து வயல்களினூடே போய்க் காவிரியில் கலக்கிறது. கேனில் அடைத்துப் பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

புது எண்ணெயை ஊற்றியபின் இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அதே அளவு நேரம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்துச் செருகிப் பார்க்க வேண்டும். அது மரையில் திருகப்பட்ட நிலையில் பார்ப்பதா, வெறுமே வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால், கையேட்டைப் பார்த்துக்கொள்வது உத்தமம். ஏற்காட்டின் 20 கொண்டையூசி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறி இறங்கும் உத்தேசம் இருந்தால், அதற்கு முன்பே சமதரையில் ஒரு நாள் ஓட்டி, வண்டியை இரவில் நிறுத்தும் இடத்தில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.